சிறுவர் பத்திரிகைக்குக் கதை: கொஞ்சம் கைகொடுங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையின் சிறுவர் பத்திரிகைக்கு எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் வாசிக்கும்படி ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் பற்றிக் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினாராம். அங்கேதான் ஆரம்பிக்கிறேன். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் தாள் ஏகத்துக்கும் செலவானது. அப்புறம் பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது. பிள்ளைகளுக்கு இந்த டப்பா சங்கதி ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், கடைசிப் பத்திக்கு வந்தாலே என் பேனா பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுகிறது! என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "கதை முடிஞ்சிருச்சும்மா, இன்னும் ஏன் பேசுறீங்க?" என்கிறாள்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர்களும் சொல்லுங்கள்: மனப்பாட வசனத்தைக் கதைக்குள்ளேயே எப்படிக் கொண்டுவருவீர்கள்? அதைப் பழைய மொழிபெயர்ப்பில் அப்படியே கொடுக்கலாமா, எளிய தமிழில் தரலாமா? "உண்டாயிருந்தது" என்றாலே என் வகுப்புப் பிள்ளைகள் விழிக்கிறார்கள். சரி, கதை எத்தனை வார்த்தைக்குள் இருந்தால் கடைசிவரை வாசிப்பார்கள்? இப்போது எழுநூறைத் தாண்டிவிட்டது.