அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக பத்து வருசம் தாங்குற கார் வேணும். எந்தக் கம்பெனியை நம்ப?

கல்லிடைக்குறிச்சிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் பாளையங்கோட்டையில டயாலிசிஸ். போக வர 70 கிலோமீட்டர் ஆகும். நான்தான் ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்.

போன மாசம் திரும்பி வரையில பத்தமடைகிட்ட வண்டி நின்னுபோச்சு. கியர் விழலை. மத்தியானம் ரெண்டு மணி வெயில். டயாலிசிஸ் முடிஞ்சா அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிரும், உக்காந்திருக்கவே முடியாது. ரோட்டோர வேப்பமரத்து நிழல்ல சாய்ச்சு வச்சிருந்தேன். அந்த வழியா வந்த ஒரு ஆட்டோக்கார அண்ணாச்சி வீடு வரைக்கும் கொண்டு விட்டாவ, காசு வாங்க மாட்டேன்னுட்டாவ. வண்டி 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. சரி பண்ண 70 ஆயிரத்துக்கு மேல கேட்டாவ. கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டேன்.

இப்போ வேற வாங்கணும். 9 லட்சம் வரைக்கும் முடியும். யாரைக் கேட்டாலும் ஒவ்வொண்ணு சொல்லுதாவ. அத்தான் ஜப்பான் வண்டிதான் நிக்கும்ங்காவ. கூட வேலை பாக்குற டீச்சர் கொரியாங்கா. சித்தப்பா தகடு கனமா இருக்குற நம்ம நாட்டு வண்டிதான்னு ஒத்தைக்கால்ல நிக்காவ. பையன் அமெரிக்காக்காரன் போட்ட தரவரிசையை போன்ல காட்டுதான்.

பாத்து வச்சிருக்கிறது: 2019 மாருதி எர்டிகா பெட்ரோல், தூத்துக்குடி நம்பர், 41,000 கி.மீ.; 2017 ஈக்கோஸ்போர்ட் டீசல்; 2013 இன்னோவா; இல்லன்னா புதுசா ஒரு சின்ன கார். பத்து வருசத்துக்கு நடுவழியில விடாத கம்பெனி எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:

அக்கா, முதல்ல பழைய வண்டியைச் சொல்லுங்க. ஆட்டோமேட்டிக்கா? நிக்கதுக்கு முன்னால வாடை எதும் வந்துச்சா? மீட்டர்ல என்ன காட்டுச்சு?

கல்லிடைக்குறிச்சிக்காரி:

ஏஎம்டி அண்ணாச்சி. நாலஞ்சு நாளாவே ஏத்தத்துல ஏறையில கருகின வாடை வந்துச்சு. அன்னைக்கு மீட்டர்ல ‘என்’ (நியூட்ரல்) மின்னிக்கிட்டே இருந்துச்சு, ஓட்டுற ‘டி’க்கு வரவே இல்லை.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:

அப்பம் கிளட்ச் தட்டு தேஞ்சிருக்கும், இல்ல அதை அமுக்குற ஆக்சுவேட்டர் போயிருக்கும். ஏஎம்டிங்கிறது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். நம்ம காலுக்குப் பதிலா ஒரு மோட்டாரோ ஆயில் பம்ப்போ கிளட்சை அமுக்கும். ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்சிலேட்டர்லயே வண்டியை நிறுத்தி வச்சா தட்டு கருகும். ரயில்வே கேட்ல ஊர்ந்து ஊர்ந்து போனாலும் அப்படித்தான். எந்தக் கம்பெனி ஏஎம்டின்னாலும் இதே கதைதான், உங்க வண்டிக் கம்பெனியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

ஏன் கேட்டேன்னா, நீங்க கம்பெனியைக் கேக்குதீங்க. நாங்க பட்டறையில கம்பெனியைப் பாக்கதே இல்லை. எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருசம், இந்த மூணுதான் பாப்போம். பியட்டோட 1.3 டீசல் எஞ்சினை எடுத்துக்கிடுங்க. அதே எஞ்சின் ஸ்விப்ட்லயும் இருந்துச்சு, டாடா விஸ்டாவுலயும் இருந்துச்சு, பியட் புன்டோவுலயும் இருந்துச்சு. மூணு பேட்ஜ், ஒரே இதயம். ஸ்விப்ட் வச்சிருந்தவன் மாருதியைப் புகழுவான், விஸ்டா வச்சிருந்தவன் சஸ்பென்சனைச் சொல்லி டாடாவைத் திட்டுவான். எஞ்சின் மேல ரெண்டு பேருக்கும் குறை இருக்காது. இப்பமும் அப்படித்தான், டொயோட்டா கிளான்சாவை வாங்கினா உள்ள இருக்கிறது பலேனோ. அதை வாங்கிட்டு ‘டொயோட்டா, இன்னோவா மாதிரி நிக்கும்’னு நினைச்சா எப்படி?

உங்க ஓட்டத்துக்குக் கணக்கு போடுங்க. வாரம் 140 கி.மீ., மேற்கொண்டு கடை கண்ணி, கோயில், கல்யாணம்னு வருசத்துக்கு 10,000, 11,000 வரும். பத்து வருசத்துல ஒரு லட்சத்துச் சொச்சம். இதுக்கு டீசல் வேண்டாம். பிஎஸ்6ங்கிற புதுப் புகை விதிப்படி வந்த டீசல்ல டிபிஎப்னு புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி இருக்கு. கொஞ்ச நேரம் சீரான வேகத்துல ஓடுனாத்தான் சூடேறி அந்தக் கரி எரியும். ஊருக்குள்ளயே சுத்துற வண்டியில அடைச்சுக்கிடும். மேனுவல் பெட்ரோல், டர்போ (எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுறது) இல்லாதது, டைமிங் செயின் (எஞ்சின் வால்வை நேரத்துக்குத் திறக்க வைக்கிற சங்கிலி) உள்ளது. அப்படிப் பாருங்க.

மேலப்பாளையம் டாக்சி:

நான் 2.5 இன்னோவா ஓட்டுறேன். 4 லட்சத்து 30 ஆயிரம் கி.மீ. ஆச்சு, எஞ்சினைப் பிரிச்சதில்லை. அதைப் பாத்துட்டு நிறைய பேர் பழைய இன்னோவா தேடுறாங்க. ஒரு விசயம் சொல்றேன் மேடம். எங்க வண்டி காலையில ஸ்டார்ட் ஆனா ராத்திரி வரைக்கும் சூடு ஆறாம ஓடும். ஆயில் ஒரு நாள் தள்ளிப்போகாது, ஏன்னா அதுதான் எங்க சோறு. அந்த 4 லட்சம் வேற, வீட்டு வாசல்ல வாரம் அஞ்சு நாள் நிக்கிற வண்டியோட ஒரு லட்சம் வேற. நிக்கிற வண்டியில பேட்டரி இறங்கும், ரப்பர் வெடிக்கும், எலி வயரைக் கடிக்கும்.

2013 இன்னோவான்னா டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கான்னு கேளுங்க. அது செயின் இல்லை, பெல்ட். அறுந்தா எஞ்சின் காலி. அதுவும் போக 2028ல வண்டிக்கு 15 வருசம் முடியும், ஆர்சி புதுப்பிக்கணும். பத்து வருசம் வேணும்ங்கிற உங்களுக்கு அது ஒத்துவராது.

ஈக்கோஸ்போர்ட் ஓட்ட அருமையான வண்டி, அதுல பேச்சே இல்லை. ஆனா அதைச் செஞ்ச போர்டு (Ford) கம்பெனி 2021ல இந்தியாவுல தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சிட்டாங்க. சர்வீஸ், ஸ்பேர் தொடர்ந்து குடுக்குறாங்கதான். ஆயில் பில்டர், பிரேக் பேடு எங்கயும் கிடைக்கும். ஒரு கதவோ லைட்டோ உடைஞ்சா எத்தனை நாள் காத்திருக்கணும்கிறதுதான் கேள்வி. அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் போயாகணும்ல?

பாளை ஓய்வுபெற்றவர்:

உங்கள் பையன் காட்டும் தரவரிசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்க நிறுவனமான ஜே.டி. பவரின் நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று வருடம் ஆன வண்டிகளின் உரிமையாளர்களிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுவது. அதில் எஞ்சின் போவதும் ஒரு பிரச்சினைதான், தொடுதிரை போனோடு இணையாமல் மக்கர் பண்ணுவதும் ஒரு பிரச்சினைதான். திரை பற்றிய புகார்தான் அங்கே அதிகம். ஆகவே வரிசையில் கீழே இருக்கும் கம்பெனியின் எஞ்சின் மோசம் என்று அர்த்தமில்லை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் கேட்டுத் தொகுக்கிறது. டொயோட்டாவும் லெக்சசும் அதில் வழக்கமாக மேலே நிற்கும். ஆனால் அங்கே விற்கும் வண்டிகள் வேறு, நம் ஊரில் ஓடுபவை வேறு. மாருதி என்ற பெயரே அந்தப் பட்டியலில் கிடையாது.

ரீகால், அதாவது விற்ற வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, வந்த கம்பெனி மோசம் என்பார்கள். அதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. குறையைக் கண்டு கூப்பிட்டுச் சரிசெய்பவனை விட, கூப்பிடாதவனைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் பார்த்திருக்கும் எர்டிகாவுக்கே இது பொருந்தும். 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா உள்ளிட்ட பெட்ரோல் வண்டிகள் ஏறத்தாழ 1.81 லட்சத்தை, மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டை (எஞ்சினுக்கு உதவி, மின்சாரமும் தயாரிக்கும் பாகம்) சோதிப்பதற்காக 2021 செப்டம்பரில் திரும்ப அழைத்தார்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்து, அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

ஸ்ரீவைகுண்டம் கரை:

யாரும் இதைச் சொல்லலையே. தூத்துக்குடி நம்பர், 2019 வண்டி. அக்கா, 2023 டிசம்பர் 17, 18 அந்த வண்டி எங்க நின்னுச்சுன்னு கேட்டீங்களா?

அன்னைக்குக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. எங்க தெருவுல தாமிரவருணித் தண்ணி ஜன்னல் மட்டத்துக்கு நின்னுச்சு. என் அண்ணன் வண்டி மூணு நாள் முங்கிக் கிடந்துச்சு. அப்படி முங்கின எத்தனையோ வண்டியைக் கழுவி, சீட்டு மாத்தி, வாசனை அடிச்சு வித்துட்டாங்க. இஞ்சின்ல ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருசம் கழிச்சு வயரிங் கனெக்டர் ஒவ்வொண்ணா பச்சை பூத்துச் சாகும், எங்க கோளாறுன்னு எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடி நாடாவுல சேத்துக்கோடு இருக்கும். அதை எவனும் கழுவ மாட்டான். ஸ்டெப்னி குழியில கம்பளத்தைத் தூக்குங்க. முன்சீட்டுத் தண்டவாளத்துல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. முக்கியமா 2024 இன்சூரன்ஸ் பேப்பரைக் கேளுங்க. கிளைம் பண்ணாத வண்டிக்கு நோ கிளைம் போனஸ் 20, 25, 35ன்னு ஏறிக்கிட்டே போகும். அந்த வருசம் அது பூஜ்யமா இருந்தா, ஏன்னு விக்கிறவர் சொல்லட்டும்.

கல்லிடைக்குறிச்சிக்காரி:

நேத்து போயிட்டு வந்தேன். கை நடுங்குது எழுதையில. பின்சீட்டு பெல்ட்டை முழுசா இழுத்தேன். அடியில ஒரு சாண் நீளத்துக்குக் காபிக்கலர்ல கோடு. தம்பி சொன்ன மாதிரியே. இன்சூரன்ஸ் பேப்பர்ல 2024க்கு போனஸ் இல்லை. கேட்டதுக்கு ‘சின்ன உரசல்’னாவ. அட்வான்ஸ் குடுக்கப் போன பணத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துட்டேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியலை.

இன்னொண்ணு கேக்கேன். தூத்துக்குடியிலேயே இப்போ வின்பாஸ்ட் எலெக்ட்ரிக் கார் செய்யுதாவளே, அது வாங்கலாமான்னு பையன் கேக்கான்.

பாளை ஓய்வுபெற்றவர்:

நம் பக்கத்திலேயே தொழிற்சாலை வந்தது எனக்கும் பெருமைதான். ஆனால் 2025 ஆகஸ்டில்தான் அது திறக்கப்பட்டது. நீங்கள் கேட்பது பத்து வருடச் சாட்சி. அதை எந்தப் புதுக் கம்பெனியாலும் இன்று தர முடியாது. எலெக்ட்ரிக்தான் வேண்டும் என்றால் பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் பாருங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு இப்போது பெட்ரோலே போதும்.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:

தப்பிச்சீங்க அக்கா. அடுத்து பாக்கும்போது உவரி, திருச்செந்தூர்னு கடலோரமா நின்ன வண்டியா இருந்தா அடித்தளத்தைத் தூக்கிப் பாக்காம வாங்காதீங்க, உப்புக்காத்து பிரேக் பைப்பையும் சஸ்பென்சன் கையையும் தின்னுரும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க, எஞ்சின் ஆறினதுக்கு அப்புறம். நம்ம பக்கத்துல நிறைய பேர் போர் தண்ணியை ஊத்திருவாங்க. அந்த உப்பு உள்ள படிஞ்சு, சித்திரை வெயில்ல ஏசி போட்டு ஓட்டையில சூடு ஏறி எஞ்சினோட மேல்பாகம், ஹெட், வளைஞ்சிரும். நான் பிரிச்ச எஞ்சின்ல பாதி கம்பெனிக் குறையால வந்தது இல்லை, தண்ணியால வந்தது. பச்சையோ சிவப்போ, எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் திரவத்தோட நிறம் தெளிவா இருக்கணும்.

2023 ஏப்ரலுக்கு முந்தின வண்டின்னா, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தோதான ரப்பர் குழாய்தானான்னு சர்வீஸ்ல கேட்டுக்கிடுங்க. மைலேஜ் கொஞ்சம் குறையும், பயப்படாதீங்க.

கல்லிடைக்குறிச்சிக்காரி:

பத்து நாள் கழிச்சு எழுதுதேன். பேட்டையில ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர் வண்டி. 2020 எர்டிகா, மேனுவல் பெட்ரோல், 48,000 கி.மீ. ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதிவாரியா பைல்ல வச்சிருந்தாவ. கிலோமீட்டர் வரிசையா ஏறியிருக்கு, எங்கயும் இறங்கலை. ரீகால் வேலை முடிஞ்சதுன்னு சர்வீஸ்லயும் உறுதி பண்ணிக்கிட்டேன். சீட் பெல்ட் நாடா எல்லாம் சுத்தம். 2024 போனஸும் இருக்கு. அப்பாவை உக்கார வச்சுப் பாத்தேன், முட்டியை மடக்காம நேரா ஏறி உக்காந்தாவ, அது ஒண்ணே எனக்குப் போதும். 8 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடிச்சாச்சு. வர்ற திங்கக்கிழமை முதல் ஓட்டம்.

வள்ளியூர் ஒர்க்‌ஷாப்:

நல்ல முடிவு அக்கா. ஆறு வருச வண்டி, எஞ்சினோட டிரைவ் பெல்ட்டும் கூலண்டும் பேட்டரியும் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும். அப்பாவை வச்சு ஓட்டுற வண்டியில பாத்துட்டிருக்க வேண்டாம், மூணையும் மாத்திருங்க. சனிக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கொண்டாங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுத் தாறேன். ஜாக்கியும் ஸ்டெப்னியும் சரியா இருக்கான்னும் பாத்துருவோம்.