யூடெக்டிக்: நல்லுருகா, இணையுறையா?

உவர்மலை:
உயர்தரப் பிள்ளைகளின் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பல உலோகங்களைப் பெரும் பங்குகளில் கலந்த ‘உயர் எந்திரப்பிக் கலப்புலோகம்’ இருக்கட்டும், பாடநூல் வழக்கு. முன்னால் வரும் ‘யூடெக்டிக்’குக்குத்தான், அதாவது ஒரே வெப்பநிலையில் உருகி உறையும் கலவைக்குத்தான், தமிழ்ச் சொல் வேணும். எடுத்துக்காட்டு, 2014இல் சீனத்துத் தாலியன் குழு வெளியிட்டது: அலுமினியம், கோபாற்று, குரோமியம், இரும்பு ஒவ்வொரு பங்கு, நிக்கல் 2.1 பங்கு. அணு வீதத்தில் நான்கும் 16.4, நிக்கல் 34.4.

மூதூர்:
நல்லுருகு. 1884இல் ஆங்கிலேய விஞ்ஞானி கத்ரி சூட்டிய கிரேக்கப் பெயரின் பொருளே அதுதான். ‘நல்லுருகு கலப்புலோகம்’ வினைத்தொகை. நடுவில் ‘க்’ போடாதீர்கள்.

நிலாவெளி:
வார்ப்பவனுக்கு உருகுவதில் என்ன இருக்கிறது சேர்? உறைவதில்தான் விசயம். மற்றவை ஒரு வெப்பநிலை வீச்சுக்குள் கஞ்சிபோல நின்று இறுகும். அச்சின் மூலைக்குப் போகாது, நடுவில் சுருங்குகுழி விழும். இது ஒரே வெப்பநிலையில் உறைவதால் அச்சை நிரப்பும். கப்பல் விசிறிக்குப் பேசப்படுவதும் அதனால்தான். உறையும்போது இரண்டு பளிங்கமைப்புகள், இழுபடும் முகமைய அடுக்கும் ‘பி2’ எனப்படும் கடினமான அடுக்கும், சேர்ந்தே வளரும். நிக்கல் குறைந்தால் பி2 முந்திப் படியும், நொறுங்குதன்மை ஏறும். கடல்நீரில் குரோமியம் குறைந்த அந்த பி2 அடுக்குத்தான் முதலில் அரிபடும். இரண்டு என்பது பெயரிலேயே தெரியவேணும்: இணையுறை.

தம்பலகாமம்:
உறை என்றால் எங்களுக்கு முட்டித் தயிர். இணையுறையைப் பிள்ளை ஒரு சோடி காலுறை என்று வாசிப்பான். தட்டார் உலோகம் ஒட்டும் பற்றாசை மறந்துவிட்டீர்களே! 63க்கு 37 வெள்ளீயமும் ஈயமும் 183 பாகையில் உருகுவது இதே சங்கதி. ஆசிடை வெண்பாவில் சீரை ஒட்டுகிற ‘ஆசு’வும் அதுவே. ‘ஆசுக் கலப்புலோகம்’ என்போம்.

மூதூர்:
ஆசு என்றால் குற்றமும்தான். ஆசுகவி வேறு இருக்கிறார்.

நிலாவெளி:
பொன் பற்றாசு பெரும்பாலும் வீச்சில்தான் உருகும், பொருந்தாது. ‘யூடெக்டொயிட்’டுக்கு என்ன செய்வீர்கள்? உருக்கில் 727 பாகையில் ஒரு திண்மம் இரு திண்மமாகப் பிரிகிறது. அங்கே உருகுவது எது?

மூதூர்:
நல்லுருகுபோலி.

நிலாவெளி:
பிள்ளைகள் கள்ள உலோகம் என்று நினைப்பார்கள்.

மூதூர்:
‘ஐந்து’ ‘அஞ்சு’ ஆனது முற்றுப்போலி. அஞ்சு என்ன கள்ளக் கணக்கா?

உவர்மலை:
வியாழன் இரவாகிவிட்டது. நல்லுருகுக்கு மூன்று பேர். தம்பலகாமம் ஐயா அரைமனதாக. முதல்முறை வருமிடத்தில் பக்கத்திலேயே ‘யூடெக்டிக்’ என்றும் போடுகிறேன்.

நிலாவெளி:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘உருகு’ என்று எழுதிவிட்டுக் கீழே வெப்பநிலை இறங்குவதைக் காட்டும் குளிரல் வளையியை வரைந்திருக்கிறீர்கள். வளையியையும் தலைகீழாக அச்சடியுங்கள்.