மகனின் கைபேசியைக் கண்காணிக்கும் செயலிகள்: எதுவரை முடியும்?

கேள்வி (திருப்பூர்): பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் செல்லும் நான், எட்டாம் வகுப்பு படிக்கும் மகனின் ஆண்ட்ராய்டு கைபேசியில் கண்காணிப்புச் செயலி ஒன்றை நிறுவ விரும்புகிறேன். அதன் வழியாக வாட்ஸ்அப் உரையாடல்களைப் படிக்க இயலுமா?

பதில் (ஈரோடு): கூகுளின் கண்காணிப்புச் செயலியில் இயலாதுங்க. 2017இல் கூகுள் வெளியிட்ட ஃபேமிலி லிங்க் என்ற அந்தச் செயலி, பயன்பாட்டு நேரத்தை வரையறுக்கும், புதிய செயலிகளுக்கு உங்கள் ஒப்புதலைக் கேட்கும், கைபேசி இணையத்தில் இணைந்திருந்தால் இருப்பிடத்தையும் காட்டும். ஆனால் செய்திகளைக் காட்டாது.

பதில் (பொள்ளாச்சி): எல்லாவற்றையும் காட்டுவதாக விளம்பரம் செய்யும் செயலிகள் பல, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவப்பட்டு, தீய செயலிகளைத் தடுக்கும் பிளே புரொடெக்ட் பாதுகாப்பையும் அணைக்கச் சொல்பவை, அப்போது பிள்ளையின் செய்திகள் முன்பின் அறியாதவரின் சர்வருக்கும் போகக்கூடும். தவிர, எந்தச் செயலியும் நிறுவிய கைபேசியை மட்டுமே கண்காணிக்கும். என் மகள் அப்புச்சியின் (அம்மாவழித் தாத்தா) கைபேசியை எடுத்துக்கொண்டாள்!

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. அப்புச்சியின் கைபேசியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.