ஃபேன்டசி பின்பால் மெஷின்: ஓவியத்தையும் வடிவமைப்பையும் எதை வைத்து மதிப்பிடுவது?

வெள்ளிக்குண்டு:

கோட்டை, டிராகன், பூதம், கடற்கன்னி என்று கற்பனை உலகத்தை எடுத்துக்கொண்ட பின்பால் மெஷின்களுக்காக (சரிவான தளத்தில் உருளும் எஃகுப் பந்தை அடித்து ஆடும் காசு மெஷின்கள்) மட்டும் இந்த இழை. எது பிடிக்கும் என்று எழுத வேண்டாம். மெஷின் பெயர், ஆண்டு, எந்த இடத்தில் எது சரியாக அமைந்திருக்கிறது, எது கெட்டிருக்கிறது, ஏன் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

முதலில் மெடிவல் மேட்னஸ். வில்லியம்ஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. வடிவமைப்பு பிரையன் எடி, ஓவியம் கிரெக் ஃப்ரெரஸும் ஜான் யூசியும். பலர் பேக்கிளாஸ் (மெஷினின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் படக் கண்ணாடி) முன்னால் நின்றே மார்க் போட்டுவிடுகிறார்கள். ஆனால் பந்து உருளும்போது நிமிர்ந்து பேக்கிளாஸைப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. பார்த்தால் பந்து போய்விடும். கண் முழுக்க பிளேஃபீல்டில்தான், அதாவது பந்து உருளும் தளத்தில்தான் இருக்கும், அதனால் மதிப்பீடும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

நான் வைக்கும் சோதனை இது. விதி எதுவும் தெரியாத ஒருவரை மெஷின் முன் நிறுத்தி, “பந்தை எங்கே அடிக்கணும்னு தோணுது?” என்று கேளுங்கள். அவர் விரல் காட்டும் இடமும் விதிப்படி முக்கியமான இடமும் ஒன்றாக இருந்தால் ஓவியரும் வடிவமைப்பாளரும் பேசி வேலை செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மெடிவல் மேட்னஸில் எல்லோருடைய விரலும் நேரே கோட்டைக்குத்தான் போகும். நடு மேல்பகுதியில், ஃபிளிப்பரிலிருந்து (பந்தை அடிக்கும் கீழ்த் துடுப்பிலிருந்து) பார்த்தால் கண்ணுக்கு நேராக நிற்கிறது. தூக்குப் பாலத்தை அடித்தால் பாலம் இறங்கும், அதன் பின்னால் உள்ள கம்பிக் கதவை அடித்தால் அது மேலேறும், உள்ளே பந்து போனால் கோபுரங்கள் ஆடிச் சரியும். ‘ஆறு கோட்டைகளை உடை’ என்ற விதியை யாரும் படித்துக் காட்டத் தேவையில்லை. அந்த பொம்மையே சொல்லிவிடுகிறது.

பூதங்கள் அதைவிட நுட்பம். இரண்டு பூதங்களும் கீழே இருக்கும்போது தளம் தட்டை, பந்து தடையில்லாமல் உருளும். எழுந்து நின்றால் கோட்டைக்குப் போகும் வழியில் குறுக்கே இரண்டு தலை. தட்டையாக இருந்த இடம் கண்ணெதிரே எதிரியாக மாறுவது சாயத்தால் மட்டும் வராது. சாயமும் காயிலும் (பொம்மையை அசைக்கும் மின்சுருள்) ஸ்பிரிங்கும் ஒரே கதையைச் சொன்னால்தான் வரும். பழைய மெஷினைப் பார்க்கும்போது பூதம் எழும் துளையின் விளிம்பை அவசியம் பாருங்கள். பந்து அங்கே மோதி மோதி மரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும்.

மூன்றாம்பந்து:

நீங்கள் சொல்லும் சோதனையில் 1979இல் பேலி வெளியிட்ட பாரகானும் தேறும், ஆனால் வேறு வழியில். அதில் பெரிய பொம்மை எதுவும் இல்லை, எல்லாமே தட்டை ஓவியம். பால் ஃபாரிஸ் வரைந்தது. அகலமான பிளேஃபீல்டு. அந்த அகலத்தை அவர் ஒரு நிலப்படமாக ஆக்கிவிட்டார்: தங்கப் பாறைகள், அருவி, புதையல் அறை, பேய்களின் பள்ளத்தாக்கு, மிருகத்தின் குகை என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஊர்ப்பெயர் மாதிரி பெயர். பந்து எங்கே போகிறதோ அந்த ‘ஊருக்கு’ நாம் போகிறோம். வலப்பக்கம் கீழே மிருகத்தின் குகை. உள்ளே போன பந்து பெரும்பாலும் திரும்பாது. பெயரும் ஆபத்தும் ஒன்றாகவே இருக்கின்றன. பேக்கிளாஸில் வீரன் எதிர்கொள்ளும் மிருகமும் அதேதான். இப்படி மேலே இருக்கும் படமும் கீழே இருக்கும் தளமும் ஒரே கதையாக இருந்தால் மட்டுமே முழு மார்க் போடுவேன். பேக்கிளாஸில் ஒரு கதை, கீழே வெறும் வட்டமும் நட்சத்திரமும் என்றால் எவ்வளவு அழகான படமானாலும் பாதிதான்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன்: நிறத்தையே விதியாக்குவது. ஃபாதம் (பேலி, 1981), கடலடி உலகம், கடற்கன்னிகள். மெடிவல் மேட்னஸில் கைவைத்த அதே கிரெக் ஃப்ரெரஸ் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு வரைந்தது. நீலக் காயல், பச்சைக் குகை என்று இரண்டு பகுதிகள். எந்த டார்கெட் வரிசை (பந்தால் அடிக்க வேண்டிய பலகைகள்) எதைச் சேர்ந்தது என்பதை நிறமே சொல்கிறது. படிக்க வேண்டிய எழுத்து குறைந்தால் ஆடும் கண்ணுக்கு வேலை குறையும்.

வில்லியம்ஸின் கோர்கார் (1979) பேசிய முதல் பின்பால். அதில் பிளேஃபீல்டில் காந்தம் வைத்த குழி உண்டு. பந்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஓவியத்தை மதிப்பிடும்போது காந்தத்தைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். பந்து இழுபட்டுச் சுழன்ற இடத்தில்தான் முதலில் சாயம் போகும்.

திரைஅச்சு:

கருத்தளவில் இருவரும் சொன்னது சரி. கையில் எடுத்துப் பார்க்கும் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். வடிவமைப்பு நன்றாக இருப்பது வேறு, உங்கள் முன் நிற்கும் மெஷினின் ஓவியம் நல்ல நிலையில் இருப்பது வேறு. இரண்டுக்கும் தனித்தனி மார்க். கலந்தால் தப்பாகப் போகும்.

முதலில் தளத்தை மூடியிருக்கும் கண்ணாடியைக் கழற்றுங்கள். காசு போடும் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் லீவரைத் தள்ளினால் கண்ணாடியைப் பிடித்திருக்கும் முன்பக்க லாக்டவுன் பார் கையோடு வந்துவிடும். பிறகு கண்ணாடியை நேராக உங்கள் பக்கம் இழுங்கள். 21 அங்குலம் அகலம், 43 அங்குலம் நீளம் கொண்ட டெம்பர்டு கண்ணாடி (பாரகான் போன்ற அகல மெஷினில் இன்னும் பெரிது). முகப்பில் அடித்தால் தாங்கும், ஆனால் மூலை டைல்ஸ் தரையில் பட்டால் ஒரு நொடியில் பொடியாகிவிடும். அட்டையோ பாயோ விரித்து அதன்மேல் நிறுத்துங்கள்.

பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸ் எடுத்து ஓவியத்தில் உள்ள ஒரு முகத்தின் மேல் வையுங்கள். பழைய மெஷின்கள் எல்லாம் திரை அச்சு: ஒரு நிறத்துக்கு ஒரு திரை, கடைசியில் கறுப்புக் கோடு. லென்ஸில் நிறம் திட்டாக, மேடு தட்டிய மாதிரி தெரியும், விளிம்பு கூர்மையாக இருக்கும். நிழல் வேண்டிய இடத்தில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். இன்க்ஜெட்டில் அச்சிட்ட நகல் என்றால் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை இல்லாமல் சிதறிக் கிடக்கும், கறுப்புக் கோட்டின் ஓரம்கூடப் புள்ளி புள்ளியாக இருக்கும். கறுப்புக் கோடு நிறத்திலிருந்து நூலளவு விலகி, இடையில் வெள்ளை தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது தொழிற்சாலையில் திரை சற்று நகர்ந்த அடையாளம்; நிறைய அசல்களில் உண்டு.

அடுத்தது இன்சர்ட், அதாவது விளக்கு தெரியும் பிளாஸ்டிக் வில்லைகள். பிளைவுட்டில் துளையிட்டு, வில்லையை ஒட்டி, மட்டமாகத் தேய்த்து, அதன்மேல்தான் ஓவியம் அச்சாகிறது. ஆண்டுகள் போகப் போக வில்லை நடுவில் குழியும், அல்லது ஓரம் மேலே எழும். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து இன்சர்ட் மேல் மெதுவாக இழுங்கள். ஓரத்தில் ‘டிக்’ என்று தட்டினால் மட்டம் கெட்டுவிட்டது. அங்கே பந்து லேசாகத் திசைமாறும், எழுத்தும் அங்கேதான் முதலில் அழியும். இன்சர்டைச் சுற்றி வெள்ளையாக ஒளிவட்டம் மாதிரி தெரிந்தால் மேல்பூச்சு பிரிந்திருக்கிறது. பேலியின் 1979 தளங்களில் மெல்லிய லாக்கர் மட்டுமே, அதனால் நார் ஓடிய வெடிப்பு நிறைய இருக்கும். வில்லியம்ஸின் 1990களின் டைமண்ட் பிளேட் கெட்டியான பூச்சு; ஓவியம் அதிகம் தாக்குப்பிடிக்கும்.

பிளாஸ்டிக் துண்டுகளை மறக்காதீர்கள். ஸ்லிங்ஷாட் (ஃபிளிப்பருக்கு மேலே பந்தைத் தெறிக்கவிடும் முக்கோணம்) மேல் இருப்பவை முதலில் உடையும். விளக்கின் சூட்டில் வளைந்தும் போகும். ஓவியம் அவற்றின் அடிப்பக்கத்தில் அச்சாகியிருப்பதால் மேலே தேய்த்தால் ஒன்றும் ஆகாது, அடியில் நகம் பட்டால் உரியும்.

மூன்றாம்பந்து:

பேக்கிளாஸ் பற்றி ஒரு கேள்வி. படம் உரியத் தொடங்கிவிட்டால் மதிப்பீட்டில் எப்படிக் கழிக்கிறீர்கள்?

திரைஅச்சு:

பழைய பேக்கிளாஸில் சாயம் கண்ணாடியின் பின்பக்கத்தில் நேராக அச்சிடப்பட்டிருக்கும். சூடு ஏறி இறங்கி, ஈரம் பட்டு, செதில் செதிலாகப் பிரியும். அறையை இருட்டாக்கி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வரும் இடங்களை எண்ணுங்கள். முகத்திலும் கையிலும் இருந்தால் பெரிதாகக் கழியுங்கள், கறுப்பு வானத்தில் இருந்தால் குறைவாகக் கழியுங்கள். பின்பக்கத்தைக் கண்ணாடி துடைக்கும் திரவத்தால் துடைக்கக் கூடாது, செல்லோடேப் ஒட்டவே கூடாது. டேப்பை எடுக்கும்போது ஓவியமும் கூடவே வரும். பிரிவதை நிறுத்த கிரைலான் ட்ரிபிள் திக் ஸ்ப்ரேயை மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பார்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு அடியுங்கள். ஒரே தடவையில் கனமாக அடித்தால் சாயம் சுருண்டுவிடும். மெடிவல் மேட்னஸ் காலத்து மெஷின்களில் இருப்பது டிரான்ஸ்லைட்; கண்ணாடிக்குப் பின்னால் தனியாக வைக்கும் ஃபிலிம். மாற்றுவது எளிது, அதனால் அதன் நிலைக்கு நான் குறைவாகவே மார்க் வைக்கிறேன்.

நீலவிளக்கு:

வெளிச்சத்தை யாரும் தொடவில்லை. ஓவியத்தைக் கெடுப்பதும் காப்பதும் பல்புதான்.

சென்டாரை (பேலி, 1981) எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் பட்லா வடிவமைப்பு, ஓவியம் மறுபடியும் பால் ஃபாரிஸ். பாதி மனிதன், பாதி மோட்டார் சைக்கிள். கறுப்பு வெள்ளை ஓவியம், நிறம் என்றால் ஆரஞ்சும் சிவப்பும் அங்கங்கே. பாரகானை வண்ணத்தில் குளிப்பாட்டிய அதே கை, இரண்டு ஆண்டுகளில் நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு வேலையை விளக்கிடம் கொடுத்திருக்கிறது. இன்சர்ட் எரியும்போது மட்டும் தளம் சூடாகிறது. என் கண்ணுக்கு இதுதான் அந்தக் காலத்தின் துணிச்சலான வேலை. ஒரு குறையும் சொல்ல வேண்டும். நுணுக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகளின் மேல் வெள்ளிப் பந்து ஓடும்போது, ஐந்து பந்தும் ஒரே நேரத்தில் வந்தால், பின்னணியில் கரைந்துபோகிறது. பந்து கண்ணாடி மாதிரி சுற்றியுள்ளதையெல்லாம் பிரதிபலிப்பதால் இது வரும். எந்த மெஷினானாலும் ஃபிளிப்பர்களுக்கு மேலே உள்ள ஒரு சாண் பகுதியில் கோடு நெருக்கமாக இருக்கிறதா, அமைதியாக இருக்கிறதா என்று பாருங்கள். முடிவெடுக்கும் இடம் அதுதான். அங்கே ஓவியர் அடக்கி வாசித்திருக்க வேண்டும்.

பல்பு விஷயம். பழைய மெஷின்களில் 44ஆம் எண் பல்பு, 6.3 வோல்ட், 250 மில்லிஆம்ப். 47ஆம் எண் 150 மில்லிஆம்ப் மட்டுமே எடுக்கும், வெளிச்சம் சற்றுக் குறையும், சூடு நன்றாகவே குறையும். பேக்கிளாஸ் பின்னால் 47 போட்டாலே ஓவியத்தின் ஆயுள் கூடும். எல்இடிக்கு மாற்றினால் வெப்பம் பிரச்சினையே இல்லை, ஆனால் நிறம் கெடும். குளிர் வெள்ளை போட்டால் ஃபாரிஸின் தோல் நிறமெல்லாம் பிணம் மாதிரி நீலம் பூத்துவிடும். சிவப்பு இன்சர்ட் அடியில் குளிர் வெள்ளை வைத்தால் ரோஸ் ஆகிவிடும்; சிவப்பு வில்லைக்குச் சிவப்பு எல்இடி, பொது வெளிச்சத்துக்கு வார்ம் வைட் என்று போடுங்கள். பேக்கிளாஸில் பால்வெள்ளை மூடி போட்ட எல்இடி பயன்படுத்தினால் புள்ளி புள்ளியாக எரிவது தெரியாது. குளிர் வெள்ளை எல்இடி போட்ட மெஷினைப் பார்த்து ஓவியரைக் குறை சொல்லாதீர்கள். முதலில் பல்பைக் கேளுங்கள்.

வெள்ளிக்குண்டு:

கேபினெட்டையும், அதாவது மெஷினின் மரப்பெட்டியையும் சேர்த்துவிடுகிறேன். வெயில் படும் பக்கத்தில் சிவப்புதான் முதலில் வெளுக்கும். எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று தெரிய, பேக்பாக்ஸ் (பேக்கிளாஸ் இருக்கும் மேல்பெட்டி) ஹிஞ்சின் கீழே, அல்லது பக்கவாட்டு எஃகு ரயிலைச் சற்றுத் தளர்த்தி அதன் அடியில் பாருங்கள். மூடியிருந்த இடத்தில் அசல் நிறம் அப்படியே இருக்கும். இரு பக்கத்தையும் ஒரே வெளிச்சத்தில் ஒரே கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுத்து ஒப்பிடுங்கள்.

என் கணக்கு நூற்றுக்கு இப்படி: பிளேஃபீல்டு 50, பொம்மைகளும் பிளாஸ்டிக்கும் 20, பேக்கிளாஸ் 20, கேபினெட் 10. முதலில் விளக்கெல்லாம் அணைத்து அறை வெளிச்சத்தில் ஒருமுறை, பிறகு அறையை இருட்டாக்கி மெஷினை ஓடவிட்டு ஒருமுறை. இரண்டுக்கும் தனித்தனித் தாள்.

நீலவிளக்கு:

பேக்கிளாஸுக்கு 20 கொஞ்சம் அதிகம் சார், 15 போதும். மிச்ச 5ஐ வெளிச்சத்துக்குத் தனியாக வையுங்கள். பார்ப்பதற்கு முன் தளம் அந்த மெஷினுக்குரிய சரிவில் (மெடிவல் மேட்னஸ் போன்றவற்றுக்கு 6.5 டிகிரி) நிற்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். தட்டையாக நிற்கும் மெஷினில் பந்து மெதுவாக வரும், நெருக்கமான ஓவியம்கூடத் தெளிவாக இருப்பது போலத் தோன்றும்.