அரங்கேற்றத்துக்கு நாலு நாள் முன்னால் ஸ்கிரிப்டில் கை வைத்த கதைகள்

மாம்பலம் மேடை:
சபா நாடகம்தான். ஒத்திகையில் 2 மணி 20 நிமிஷம் ஓடியது, சபா கொடுத்தது 2 மணி. பக்கத்து வீட்டுக்காரர் கடன் கேட்கும் காட்சி கதைக்கு வேண்டாதது, 4 நிமிஷம். தூக்கியாச்சு. அந்த 4 நிமிஷத்தில்தான் கதாநாயகி சுடிதாரிலிருந்து ஒன்பது கஜத்துக்கு மாறணும் என்பது யாருக்கும் தோணவில்லை. விளக்கு வந்தது. அப்பா வேஷக்காரர் பேப்பரை மூணு தரம் மடித்து மூணு தரம் பிரித்தார். அந்தச் சரசரப்பு தொங்கும் மைக் வழியே கடைசி வரிசை வரைக்கும். படுதா ஓரம் கொசுவத்தைப் பிடித்தபடி கதாநாயகி.

இருட்டுக்கடை:
காட்சியைத் தூக்கியதே தப்பு. நேரம் போவது காட்சி மாற்ற விளக்கை அணைக்கும் இருட்டில். 14 காட்சி என்றால் நடுவே 13 இருட்டு. தலா 40 விநாடி வைத்தாலும் கிட்டத்தட்ட 9 நிமிஷம். ஒரே கூடத்தில் அடுத்தடுத்து நடப்பதைச் சேர்த்து எழுதுங்கள். ‘மறுநாள் காலை’யை பால்காரர் குரலே சொல்லிவிடும். அப்புறம் அந்த ‘வாங்க, உக்காருங்க, காபி சாப்பிடறேளா’ எல்லாம் போகட்டும்.

பிராம்ப்டர் பக்கம்:
கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேச்சின் நடுவில் வெட்டுங்கள், கடைசி வார்த்தையைத் தொடாதீர்கள். எதிராளி அதைப் பிடித்துத்தான் பேசுவார். லைட்டும் மியூசிக்கும் அதற்குத்தான் காத்திருக்கும். மாற்றியே ஆகணும் என்றால் லைட், மியூசிக், பிராம்ப்டர் (ஓரத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவர்) மூன்று பேர் பிரதியிலும் அன்றைக்கே திருத்தணும். புதுசாகப் பிரிண்ட் எடுக்காதீர்கள்: நடிகருக்கு வசனம் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடக் கண்ணில் பதிந்திருக்கும். சிவப்புக் கோடு போதும். 27-ஆம் பக்கத்துக்குப் பிறகு கூடுதல் பக்கம் வந்தால் 27-அ என்று எண் போடுங்கள். வெட்டிய வரியில் பெட்டிச் சாவி மாதிரி ஏதாவது தகவல் போய்விட்டதா என்று பின்காட்சிகளில் தேடணும். பிறகு ஒட்டின இடத்தை மட்டும், முன்னும் பின்னும் நாலு வரி சேர்த்து, அஞ்சு தரம் சொல்லிப் பார்க்கணும். கடைசி 2 நாள் வெட்டு மட்டும்தான், புது வரி கூடவே கூடாது. பதற்றத்தில் பழைய வரிதான் நாக்கில் வரும்.

பழைய படுதா:
ஒரு காலத்தில் நாடகங்களுக்கான 1954 சட்டப்படி ஸ்கிரிப்டைக் கொடுத்து அனுமதி வாங்கணும். கடைசி நேரத்தில் வரி சேர்த்தால் அதுவும் ஒரு வம்பு. 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது.

மாம்பலம் மேடை:
அது சரி, கொசுவத்துக்கு என்ன வழி?

இருட்டுக்கடை:
தைத்த மடிசார். சுடிதார் டாப்ஸுக்கு உள்ளேயே ரவிக்கை.