அம்மாவோடு கேதார்நாத்: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன், அக்கா எல்லோருக்கும். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மே மாதம் அம்மாவைக் கேதார்நாத், பத்ரிநாத் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு 67 வயது. போன தைப்பூசத்தில் இங்குள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிட்டார். ஆனால் இறங்கும்போது வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்கினார். கௌரிகுண்டிலிருந்து கோயில் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மலைப்பாதை, அதுவும் 3,500 மீட்டருக்கு மேல் உயரம். அதுதான் என் பயம்.

குதிரையா, டோலியா? குதிரையில் குலுங்கினால் முட்டிவலி கூடும் என்கிறார் மாமா. மேலே ஓர் இரவு தங்கலாமா, மூச்சுத் திணறுமா? வழியில் உள்ள குப்தகாசியில் இரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிவிட்டு ஏறுவதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. யாத்திரைப் பதிவை இங்கிருந்தே செய்தவர்கள் இருந்தால், அதையும் சொல்லுங்கள்.

சம்பந்தரும் சுந்தரரும் காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினார்களே, நானும் இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். ஆனால் அப்பாவின் தேவாரப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் விபூதி படிந்து, ஓரம் மடங்கிக் கிடக்கிறது. அவர் ஆசைப்பட்டுப் போகாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவையாவது கூட்டிப்போய்க் காட்டிவிட வேண்டும்.