மறு: ரீசெஸ்டு லென்ஸ் போர்டு – மாடப்பலகைன்னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

நாலு நாளா இந்த இழையைப் படிச்சிட்டே இருந்தேன், பதில் எழுதல. ஏன்னா நாம தமிழ்ப் பேர் தேடிட்டு இருக்குற அந்தப் பலகையையே, அதாவது லென்ஸை உள்ள தள்ளி மாட்டுற ரீசெஸ்டு லென்ஸ் போர்டையே, கையால செஞ்சிட்டு இருந்தேன், செஞ்சு படமும் எடுத்துப் பாத்துட்டு எழுதுவோம்னு இருந்துட்டேன். நேத்து ராத்திரி நெகட்டிவ் காஞ்சிடுச்சு. இப்ப எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

இழைக்குப் புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. என்கிட்ட இருக்குறது பேஸ்மேக்கர் ஸ்பீட் கிராஃபிக்ங்கிற பழைய ஃபிலிம் கேமரா. நியூயார்க் மாநிலத்துல ரோச்செஸ்டர்ல கிராஃப்ளெக்ஸ் கம்பெனி செஞ்சது. முதல் ஸ்பீட் கிராஃபிக் 1912ல வந்துச்சு, பேஸ்மேக்கர் வகை 1947ல. அமெரிக்கப் பத்திரிகை போட்டோகிராஃபர் எல்லாரும் தோள்ல தூக்கிட்டு அலைஞ்ச பெட்டி இதுதான், 1945ல இவோ ஜிமால கொடி ஏத்துன படத்தை ஜோ ரோசந்தால் எடுத்ததும் ஒரு ஸ்பீட் கிராஃபிக்ல. 4க்கு 5 இன்ச் ஷீட் ஃபிலிம். கூட வர்ற லென்ஸோட குவியத் தூரம் பெரும்பாலும் 127 இல்ல 135 மி.மீ. (இந்த எண் குறையக் குறைய பார்வை அகலும்), பத்திரிகை வேலைக்கு அது போதும், அதுக்கு மேல அகலமா பாக்கணும்னு யாரும் பெருசா கேட்டிருக்க மாட்டாங்க.

நமக்கு அது பத்தல, கோயில் மண்டபம் மாதிரி பின்னால நகர இடமில்லாத எடத்துல 135 வச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. அதனால 65 மி.மீ. சூப்பர் ஆங்குலான்னு ஒரு அகலப் பார்வை லென்ஸ் வாங்கினேன். பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது. ஸ்பீட்ல ஃபிலிமுக்கு முன்னாடியே திரை மாதிரி ஓடுற ஒரு ஷட்டர் இருக்கு, நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு வேகம் அதுலதான் கிடைக்கும், ஆனா அது உக்கார இடம் வேணுமே, அதனால பெட்டி ஆழமாயிடுச்சு. லென்ஸை எவ்வளவு பின்னால தள்ளினாலும் ஃபிலிம்லேர்ந்து 66 மி.மீ. பக்கத்துல போய் முட்டிக்கும். கூடப்பிறந்த கிரௌன் கிராஃபிக்ல அந்த ஷட்டர் இல்ல, அதுல 52 வரைக்கும் போகலாம். என் 65க்குத் தூரத்துக் காட்சி தெளிவா விழணும்னா ஏறக்குறைய 70 மி.மீ.ல நிக்கணும். கணக்குப்படி 4 மி.மீ. மிச்சம். ஆனா அந்த நிலையில துருத்தி, அதாவது லென்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவுல மடிஞ்சு விரியிற தோல், கிட்டத்தட்ட முழுசா நசுங்கிக் கிடக்கும். மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணா ஏறி விறைச்சுப் போச்சு, லென்ஸை ஒரு நூல் அளவு மேல தூக்கப் பாத்தாக்கூட அது திரும்பக் கீழ இழுக்குது.

இதுக்கு வழிதான் இந்தப் பலகை. லென்ஸ் மாட்டுற பலகை தட்டையா இல்லாம நடுவுல உள்பக்கமா ஒரு கிண்ணம் மாதிரி இறங்கி இருக்கும், லென்ஸ் அந்தக் கிண்ணத்தோட அடியில உக்காரும். கிண்ணம் 12 மி.மீ. ஆழம்னா பலகையைத் தாங்குற சட்டம் 12 மி.மீ. முன்னால வந்துடும், லென்ஸ் நிக்கவேண்டிய எடத்துலயே நிக்கும், துருத்திக்கு மூச்சு விட இடம் கிடைச்சுடும்.

இனி சொல்லுக்கு வர்றேன். முதல்ல இந்த இழையில ஐயா ஒருத்தர் எழுதின வரி:

> குழிவில்லைப் பலகை என்பதே பொருத்தம். குழியும் உண்டு, வில்லையும் உண்டு.

ஐயா, சொல் அழகா இருக்கு, ஆனா இது ஆபத்து. குழிவில்லைன்னா இலங்கைப் பாடப்புத்தகத்துல நடுவுல மெலிஞ்ச கண்ணாடி, ஒளியை விரிக்கிறது. தமிழ்நாட்டுல படிச்சவங்க அதையே குழிலென்சுன்னு படிச்சிருப்போம். படிக்கிறவன் குழிவில்லையை மாட்டுற பலகைன்னுதான் எடுத்துக்குவான், குழிஞ்ச பலகைன்னு ஒருத்தனுக்கும் தோணாது. குழிப்பலகைன்னு வில்லையை எடுத்துட்டு வச்சா பரவாயில்ல, ஆனா பல்லாங்குழிப் பலகைதான் எனக்கு மனசுல வருது.

தம்பி ஒருத்தர் "உள்வாங்கு பலகை"ன்னார். கடல் உள்வாங்கிருச்சுன்னு பேப்பர்ல போடுறாங்களே அந்த உள்வாங்கல். இதைப் படிச்சப்ப நிஜமா சந்தோஷமா இருந்துச்சு, ரெண்டு நாள் இதுதான்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் பலகைக்கு உள்பக்கம் கறுப்பு பெயிண்ட் அடிக்கும்போது இடிச்சுது. கேமராக்குள்ள பளபளப்பே இருக்கக் கூடாது, மினுக்காத மங்கல் கறுப்பா அடிக்கணும், சிதறி வர்ற ஒளியை அது குடிச்சிடணும். அந்த வேலையை நாம எப்படிச் சொல்றோம்? ஒளியை உள்வாங்குதுன்னுதானே! கேமரா பத்தின கட்டுரையில உள்வாங்கு பலகைன்னு வந்தா ஒளியைக் குடிக்கிற பலகைன்னுதான் பத்துக்கு ஒம்பது பேர் படிப்பாங்க. தம்பி, சொல்லுல தப்பே இல்ல, அது நிக்கவேண்டிய எடத்துல ஏற்கெனவே வேற ஒருத்தர் உக்காந்திருக்கார், அவ்வளவுதான்.

இப்ப என் சொல். மாடப்பலகை.

எங்க அப்பத்தா வீட்டுல வாசக்கதவுக்கு ரெண்டு பக்கமும் சுவத்துல மாடம் இருக்கும், நாங்க மாடாக்குழின்னுதான் சொல்லுவோம். சாயங்காலம் அதுல அகல் வைப்பாங்க. சுவரு ஒரே சமமா வருது, ஒரு எடத்துல மட்டும் உள்ள போகுது, உள்ள போன எடத்துல ஒரு பொருள் பத்திரமா உக்காந்திருக்கு. நம்ம பலகையும் அச்சு அசலா இதேதான். குழின்னா கீழ்நோக்கிப் பள்ளம், மாடம்னா நிக்கிற சுவத்துல உள்நோக்கிப் போறது. கேமராவோட முகப்பும் நிக்கிற சுவர்தானே.

இன்னொரு காரணமும் உண்டு, இதை நான் யோசிச்சுக் கண்டுபிடிக்கல, நெகட்டிவ்தான் காட்டிக் கொடுத்துச்சு. போன வாரம் முதல்ல செஞ்ச பலகை என்கிட்ட இருந்த 90 மி.மீ. பழைய ஆங்குலானுக்காக. அது சின்ன லென்ஸ், முகம் அவ்வளவா முன்னால துருத்தாது. நான் கிண்ணத்தோட சுவரை நேரா, கிணத்துச் சுவர் மாதிரி, நெருக்கமா வச்சுட்டேன், லென்ஸோட முகம் பலகை மட்டத்துக்கு உள்ள போயிடுச்சு. படத்துல நாலு மூலையும் வளைவா இருட்டு, நடுவுல பளிச்சுன்னு இருக்கு. டார்க்ரூம்ல அந்த நெகட்டிவைக் கையில வச்சு விளக்குக்கு நேரா பாக்கும்போது அப்பத்தா வீட்டு மாடம்தான் ஞாபகம் வந்துச்சு, ஏன்னா மாடத்துல வச்ச விளக்கு நேரா எதிர்ல மட்டும்தான் வெளிச்சம் போடும், ஒட்டின சுவரு இருட்டாவே கிடக்கும். மாடத்துக்கு உள்ளேர்ந்து வெளிய பாத்தாலும் அதே கதைதான், பக்கச்சுவரு மறைக்கும். அடுத்த பலகையில கிண்ணத்தோட வாயை வெளிப்பக்கமா விரிச்சு வச்சேன், மூலை தெளிஞ்சுடுச்சு. 65 சூப்பர் ஆங்குலானுக்கு இந்தத் தொல்லை இல்ல, அதோட முன்கண்ணாடி நல்லா முன்னால வந்து நிக்குது. ஆக மாடம்ங்கிற சொல்லுக்குள்ள வடிவமும் இருக்கு, அந்த வடிவத்தால வர்ற கெடுதலும் இருக்கு. கலைச்சொல்லுக்கு இதைவிட என்ன வேணும்?

எதிர்ப்பா வரக்கூடியதை நானே சொல்லிடுறேன். மாடம்னா மாளிகை, மேல்மாடின்னும் பொருள் இருக்கு. இருக்கட்டும், பலகையோட சேந்து வரும்போது யாருக்கும் மாளிகை தோணாது. அக்கா ஒருத்தர் அவங்க ஊர்ல இதைப் பிறைன்னு சொல்லுவாங்கன்னாங்க, அதுவும் நல்ல சொல்தான், ஆனா பிறைப்பலகைன்னா நிலா வடிவத்துல வெட்டின பலகைன்னு ஆயிடும்.

அப்புறம் இதே இழையில வைடு ஆங்கிளுக்கு "விரிகோண லென்ஸ்"னு நாலு பேர் எழுதியிருக்கீங்க, அதை இப்பவே மாத்திடுவோம்னு கேட்டுக்கறேன். கணக்குப் பாடத்துல விரிகோணம்னா 90 டிகிரியைத் தாண்டினது. 4க்கு 5 ஃபிலிம்ல படத்தோட மூலைவிட்டம் 153 மி.மீ. பக்கம், அதுல 90 மி.மீ. லென்ஸ் பாக்குறது சுமார் 81 டிகிரி. கணக்கு வாத்தியார் இதைக் குறுங்கோணம்னுவார்! 65 மி.மீ. சுமார் 99 டிகிரி, அது மட்டும் நிஜமாவே விரிகோணம். ஒரே பையில இருக்குற ரெண்டு லென்ஸுல ஒண்ணுக்குப் பொருந்தி ஒண்ணுக்குப் பொருந்தாத சொல் எதுக்கு? அகலக்கோணம்னு வச்சா எந்தச் சிக்கலும் இல்ல.

துருத்தியில நான் யாரோடயும் சண்டைக்கு வரல. கொல்லன் துருத்தி காத்து ஊதும், இது ஊதாதுன்னு ஒரு ஆட்சேபம் வந்துச்சு, ஆனா மடிஞ்சு விரியிற தோல்ங்கிறது ரெண்டுக்கும் பொது. மடிப்பே இல்லாம தொளதொளன்னு பை மாதிரி இருக்குற வகைக்குப் பைத்துருத்தி. கேமராவோட முன்கதவுதான் திறந்தா தட்டா நிக்கும், அதை இன்னும் கீழ இறக்கி லென்ஸோட பார்வையில அது விழாம பண்றோமே, அந்தத் தட்டுக்கு இறங்குதட்டு. இது ரெண்டும் போதும்னு நினைக்கிறேன்.

செய்யப் போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. ஆழத்தைப் பேராசைப்பட்டு கூட்டாதீங்க, ரொம்ப ஆழமானா லென்ஸ் சட்டம் பெட்டிக்குள்ள அது நகர்ற குட்டித் தண்டவாளத்தை விட்டு முன்னால வந்து, முன்கதவோட கீல் இடைவெளியில மாட்டிக்கும், அங்க இறுக்கவே முடியாது. லென்ஸோடவே வர்ற ஷட்டர் கோப்பல் 0 அளவுன்னா பலகையில ஓட்டை 34.6 மி.மீ., அரத்தால கொஞ்சம் கொஞ்சமா ராவிப் பொருத்துங்க. ஷட்டரை அழுத்துற கேபிளுக்குக் கிண்ணத்துச் சுவத்துல ஒரு ஓட்டை முன்னாலேயே போட்டுடுங்க, இல்லன்னா விரல் உள்ள போகாது. நான் லென்ஸை மாட்டினப்புறம்தான் இதை உணர்ந்தேன், எல்லாத்தையும் கழட்டி மறுபடி டிரில் பண்ணேன்.

நம்ம கலைச்சொல் அகராதிக் கோப்புல போட இப்படி எழுதி வச்சிருக்கேன்:

மாடப்பலகை – பெயர்ச்சொல். நடுப்பகுதி ஃபிலிம் பக்கமாக உள்ளடங்கி, அந்த உள்ளடங்கலின் அடியில் லென்ஸ் பொருத்தப்படும் கேமராப் பலகை. குறுகிய குவியத் தூரமுள்ள அகலக்கோண லென்ஸ்களில் துருத்தி நசுங்காமல் இருக்க உதவுவது. எதிர்ச்சொல்: தட்டைப்பலகை.

இதுக்கு நேர் மாறா லென்ஸை முன்னால தள்ளி வைக்கிற பலகையும் இருக்கு, நீண்ட லென்ஸுக்கு. அதுக்குத் திண்ணைப்பலகைன்னு வைக்கலாமான்னு ஒரு எண்ணம், சுவத்துலேர்ந்து வெளிய நீட்டிட்டு இருக்குறதால. ஆனா அந்தப் பலகையை நான் இன்னும் கையில பிடிச்சுப் பாத்ததில்ல. வச்சிருக்கறவங்க யாராச்சும் இந்தப் பேரு ஒட்டுதான்னு பாத்துச் சொல்லுங்க, அப்புறம் கோப்புல ஏத்துறேன்.